எடை மேடையில் ஓடிய இயங்குதளம்

பத்திரிகை நேற்று வந்தது. மதுரையில் மண்டபம். காலை முகூர்த்தம், மாலை வரவேற்பு. என் பெயருக்குப் பின்னால் மறக்காமல் எம்.எஸ்சி. போட்டிருக்கிறாய். உன் அப்பா அதை இரண்டு முறை வாசித்துவிட்டு அலமாரியில் சாய்த்து வைத்தார். சாப்பிடும்போது சொன்னார்: "டிக்கெட் ரெண்டு எடுத்தாச்சு. நீ வாரியோ இல்லையோ, ஒன் சீட்டுல என் துண்டு உக்காந்து வரும்." நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பை எதிர்பார்க்கவில்லை.

உன் கல்யாணத்துக்கு நான் வருவேனா என்பது இன்னும் எனக்கே தெரியாது. இதை எழுதி முடிக்கும்போது தெரியலாம். பத்து மாதமாக நாம் பேசவில்லை. நடந்தது பலர் முன்னால் நடந்தது. அதனால் இந்தக் கடிதத்தையும் பலர் படிக்கட்டும் என்று நினைக்கிறேன். பெயர்களை மட்டும் விட்டுவிட்டேன். உன் பெயரையும், என் பெயரையும்.

முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் நீ மறந்த வரிசை வேறு, நான் மறக்காத வரிசை வேறு.

நீ ஏழாவது படிக்கும்போது என் தட்டச்சுப் பயிலகத்துக்கு ஆள் வருவது குறைந்தது. எல்லோருக்கும் கம்ப்யூட்டர் வேண்டியிருந்தது. மதுரையில் ஓர் அலுவலகம் கழித்துக்கட்டிய ஆறு பெட்டிகள் வைக்கோல் பரப்பிய மினி லாரியில் கோவில்பட்டிக்கு வந்து சேர்ந்தன. உள்ளே ஒன்றும் இல்லை. பதிந்திருந்ததை எல்லாம் அழித்து அனுப்பியிருந்தார்கள். ஊரில் மற்ற மையங்கள் செய்ததைச் செய்திருக்கலாம். கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை நிரலான இயங்குதளத்தின் திருட்டுப் பிரதி ஒன்றை வாங்கி ஆறிலும் ஏற்றியிருக்கலாம். எனக்குப் பயம். யாராவது வந்து சோதித்தால் என்ன செய்வது? அந்தப் பயத்துக்குக் கொள்கை என்று பெயர் வைத்துக்கொண்டேன். பிறகு மெதுவாக அது கொள்கையாகவே ஆகிவிட்டது. அப்படி ஆவதுண்டு.

ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு ஒட்டி வந்த சிடியில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஃப்ரீடாஸ், நெட்பிஎஸ்டி. இரண்டையும் ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை. இரண்டும் இலவசம். உள்ளே எழுதியிருக்கும் வரிகளையும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். முகம் தெரியாத ஆட்கள், ஏதேதோ ஊர்களில் உட்கார்ந்து எழுதியது. பழைய டாஸ் நிரல்கள் எல்லாம் ஃப்ரீடாஸில் ஓடின. ஐந்து பெட்டிகளில் அதை ஏற்றித் தட்டச்சும் கொஞ்சம் பாஸ்கல் நிரல்மொழியும் சொல்லிக்கொடுத்தேன். திரை உடைந்த ஆறாவது பெட்டியில் நெட்பிஎஸ்டி. அதற்குத் திரையே தேவைப்படவில்லை. பரண் மேல் ஏற்றி, தொலைபேசிக் கம்பியைச் செருகிவிட்டோம். ஒரே இணைப்பை ஐந்து பெட்டிக்கும் பகிர்ந்து கொடுத்தது. கரண்ட் போய் வந்தால் தானாக எழுந்து, தானாக எண் சுழற்றும். ஒரு முறை அது எழவே இல்லை. நீ பரணில் ஏறிக் கழற்றினாய். மின்விசிறி இறக்கைக்குள் பல்லி முட்டை இட்டிருந்தது. "அம்மா, பெட்டிக்குப் பிரசவம்" என்று மேலிருந்து கத்தினாய். கீழே தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண்கள் எல்லாம் எழுந்து வந்து பார்த்தார்கள்.

பள்ளிக்கூடத்து சிஸ்டர் ஒருநாள் ஆட்டோவில் ஒரு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பத்தாம் வகுப்பு மதிப்பெண் முழுவதும் அதற்குள். "செத்துப்போச்சுன்னு சொல்லிட்டாங்க டீச்சர்" என்றார். சிடியிலிருந்தே எழும்பும், நெட்பிஎஸ்டி இனத்து இயங்குதளம் ஒன்று அப்போது நம்மிடம் இருந்தது. கோப்புகள் பதிந்திருக்கும் வன்தட்டைத் தொடாமல் எழுந்து, உள்ளே இருப்பதை மட்டும் படித்துக் காட்டும். நீதான் சிடியைப் போட்டாய். கோப்புகள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. சிஸ்டர் சிலுவை போட்டுக்கொண்டார். "பெட்டி சாகல சிஸ்டர், மேல் வேட்டிதான் கிழிஞ்சிருக்கு" என்று நீ சொன்னாய். அவர் சிரித்ததில் கண்ணாடி நழுவியது. உனக்குப் பதின்மூன்று வயது. இவன் எனக்கு மகன் மட்டும் இல்லை, கூட்டாளி என்று அன்று நினைத்தேன். பெரிய தவறு. பிள்ளையைக் கூட்டாளி என்று நினைக்கிற பெற்றோர் அவனுக்கு ஒருநாள் கணக்குச் சொல்லவேண்டி வரும்.

பிறகு எடை மேடை.

எட்டயபுரம் சாலையில் அண்ணாச்சியின் எடை மேடை. பருத்தி, மக்காச்சோளம், தீக்குச்சிக் கட்டு, என்ன ஏற்றி வந்தாலும் லாரி அங்கே ஏறி இறங்கித்தான் போகும். சித்திரையில் கரிசல் தூசி பறக்கும். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை கரண்ட் போகும். அவருடைய பெட்டி ஒவ்வொரு முறையும் பாதி வழியில் அணைந்து, எழும்பும்போது தன்னைத்தானே சோதித்துக்கொண்டு நிற்கும். ஓட்டுநர்கள் வெயிலில் ஆரன் அடிப்பார்கள். கடைசியில் வன்தட்டு போய்விட்டது. அண்ணாச்சி என்னிடம் வந்தார். நான் வன்தட்டே இல்லாமல் ஒரு பெட்டி செய்தேன். ஒரே பிளாப்பி. எழுத முடியாதபடி அதன் மூலைத் தாழ்ப்பாளைத் தள்ளிவிட்டேன். அதில் ஃப்ரீடாஸ், கூடவே நான் எழுதிய சிறு நிரல். மேடையிலிருந்து வரும் கம்பி சொல்லும் எடையை வாங்கி, ஊசி அச்சுப்பொறியில் சீட்டு அடிக்கும். அவ்வளவுதான். கரண்ட் எத்தனை முறை போனாலும் கெட்டுப்போக உள்ளே ஒன்றும் இல்லை. வந்ததும் பத்து எண்ணுவதற்குள் தயார். பிளாப்பி தேய்ந்தால் மாற்ற, மேசை இழுப்பறையில் இன்னும் நான்கு.

இருநூறு வரி என்னுடையது. மற்றதெல்லாம் அந்த முகம் தெரியாதவர்களுடையது. இதை இப்போது எளிதாக எழுதிவிட்டேன்.

அன்று எழுதவில்லை. பெட்டியைக் கொடுக்கப் போன நாளில் அண்ணாச்சி கேட்டார்: "டீச்சர், இது யார் செஞ்ச சாமான்?" சிடியில் இலவசமாக வந்தது என்று சொல்லத் தொடங்கினேன். அவர் முகம் மாறியது. "சும்மா கெடச்சதா? சும்மா கெடச்சதை நம்பி லாரிய ஏத்த முடியுமா?" நான் பெட்டியைத் திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன். எழும்பும்போது, இயங்குதளத்தை எழுதியவர்களின் பெயர்கள் திரையில் வரும். அதற்கு அடுத்து ஒரு வரி சேர்த்தேன்: திரையைத் துடை. அதற்கும் அடுத்து இன்னொரு வரி: நம் பயிலகத்தின் பெயர், நட்சத்திரக் குறிகளால் கட்டம் கட்டி. மறுநாள் கொண்டுபோய் வைத்தேன். அண்ணாச்சி கட்டத்தைப் பார்த்துவிட்டு, "இப்படில்லா இருக்கணும்" என்றார். எடுத்துக்கொள், மாற்றிக்கொள், விற்கக்கூடச் செய், எழுதியவர்கள் பெயரை மறைக்காதே, எழுதிய வரிகளைப் பூட்டாதே என்பதுதான் அவர்கள் கேட்ட கூலி. அதை நான் கொடுக்கவில்லை.

அன்று மாலை நீ என்னிடம் கேட்டாய். அடுப்பு முன்னால் நின்றுகொண்டிருந்தேன். "அம்மா, இந்த மொத்தத்தையும் நீயா எழுதுன?" நான் திரும்பவில்லை. "ஆமாலே" என்றேன்.

அண்ணாச்சியிடம் மறைத்ததற்குக் காரணம் இருந்தது. உன்னிடம் சொன்னதற்கு எந்தக் காரணமும் இல்லை. பல வருடம் தேடிப் பார்த்தேன். உன் கண்ணில் அப்படித் தெரிவது எனக்குப் பிடித்திருந்தது என்பதைத் தவிர ஒன்றும் கிடைக்கவில்லை.

நீ கல்லூரிக்குப் போனாய். படித்தாய். சென்னையில் வேலை கிடைத்தது. எடை மேடைகளுக்கும் பஞ்சாலைகளுக்கும் கம்ப்யூட்டர் அமைத்துக் கொடுக்கும் நிறுவனம் என்று தொலைபேசியில் சொன்னபோது நான் ஊர் முழுக்கச் சொன்னேன். பொங்கலுக்கு வந்தாய். அண்ணாச்சியின் மேடைக்கு என்னோடு வந்தாய். கையில் புது கேமரா. "அம்மா, ஒரு போட்டோ எடுத்துக்கிடுதேன்." ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் திரையின் நெற்றியில் காய்ந்து கிடந்தன. மூலையில் சாமந்திச் சரத்தின் நார். "கொஞ்சம் இரு, தூசிய தொடச்சிடுதேன்" என்றேன். சேலைத் தலைப்பால் துடைத்தேன். சந்தனத்தை விட்டுவிட்டேன். நன்றாகத்தான் இருந்தது. நீ மூன்று கோணத்தில் எடுத்தாய். என்னையும் நிற்கச் சொல்வாய் என்று முடியைச் சரிசெய்துகொண்டேன். நீ சொல்லவில்லை.

பங்குனியில் அண்ணாச்சி ஆள் அனுப்பினார். ஓட்டல் மாடியில் கூட்டம், தீப்பெட்டி முதலாளிகள், எடை மேடைக்காரர்கள் எல்லாம் வருகிறார்கள், தன் நிறுவனத்தின் புதுப் பெட்டிகளைப் பற்றி உங்கள் பையன்தான் பேசுகிறான் என்று. நீ எனக்குச் சொல்லவில்லை. வேலை மும்முரத்தில் மறந்திருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். கத்தரிப்பூ நிறச் சேலை கட்டிக்கொண்டு போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்ததும் உன் முகத்தில் ஓர் அசைவு. கூச்சம் என்று எடுத்துக்கொண்டேன்.

நன்றாகப் பேசினாய். கை எங்கே வைப்பது என்று தெரிந்திருந்தது. விளக்கை அணைத்துப் படம் காட்டினாய். ஐந்தாவதோ ஆறாவதோ படம். என் பெட்டி. சந்தனம், குங்குமம், சாமந்தி நார், சுவர் அளவுக்குப் பெரிதாக. மேலே சிவப்பில் ஆபத்து என்ற சொல்.

பின்னால் யாரோ சொன்னார்: "தேங்கா ஒடச்சாத்தான் எந்திரிக்கும் போல."

ஹால் சிரித்தது. அது எனக்குப் பெரிதில்லை. நம் ஊர்க்காரர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். நானே சிரித்திருப்பேன். நீ சிரித்தாய். திரை வெளிச்சத்தில் உன் பல் தெரிந்தது.

அண்ணாச்சி எழுந்தார். "தம்பி, இது நம்ம மேடைப் பெட்டில்லா?"

"உதாரணத்துக்குச் சொல்லுதேன் அண்ணாச்சி. பெட்டி ஓடுது, இல்லங்கல. ஆனா இதப் பத்தி ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். ஒரு குறிப்புகூட எழுதி வைக்கல. அந்த ஆளு நாளைக்கு இல்லன்னா ஒங்க மேடை என்ன ஆகும்?"

அந்த ஆள்.

அவர்கள் விளக்கைப் போடும்வரை உட்கார்ந்திருந்தேன். காப்பி கொடுத்தார்கள், குடித்தேன். வீட்டுக்கு வந்து சேலையை மாற்றாமல் அடுக்களையில் நின்றேன். நீ உள்ளே வந்ததும் கேட்டேன்: "நான் என்னைக்குச் சாவேன்னு படம் போட்டுக் காட்டிட்டியாலே?"

"அம்மா, அது தொழில். சொன்னதுல எது பொய்? குறிப்பு எழுதி வச்சிருக்கியா?"

"என் பெட்டியக் காட்டாம சொல்லியிருக்க முடியாதா? ஊருல வேற பெட்டியே இல்லையா?"

"வேற எந்தப் பெட்டியிலயும் இப்படி ஒரு பொய் இல்ல."

அப்போதுதான் சொன்னாய். கல்லூரி விடுதிக்கு நீ எடுத்துப் போன ஒரு பிளாப்பியைப் பற்றி. எங்கம்மா ஓர் இயங்குதளமே எழுதியிருக்கிறாள் என்று முதல் வாரத்திலேயே எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாய். ஒரு சீனியர் பெட்டியில் போட்டு, எழும்பும் நேரத்தில் ஒரு விசையை அழுத்தியிருக்கிறான். அதை அழுத்தினால் நான் சேர்த்த வரிகள் ஓடாது. திரை துடைபடாது. பெயர்கள் அப்படியே நின்றன. வெளிநாட்டுப் பெயர்கள். "இதுல ஒங்கம்மா யாருலே?" என்று கேட்டிருக்கிறான். அறையில் இருபது பேர். நான்கு வருடமும் உன்னை ஓஎஸ் என்றே, இயங்குதளத்தின் ஆங்கிலச் சுருக்கத்தாலேயே, கூப்பிட்டிருக்கிறார்கள்.

எனக்கு அந்தப் பெயர் தெரியும். விடுமுறையில் உன் நண்பன் தொலைபேசியில் கேட்பான்: "ஓஎஸ் இருக்கானா ஆன்ட்டி?" என் பிள்ளையின் கெட்டிக்காரத்தனத்துக்கு வைத்த பெயர் என்று நினைத்தேன். உன் அத்தையிடம்கூடப் பெருமையாகச் சொன்னேன்.

"ஏன்லே அப்பவே என்கிட்ட கேக்கல?" என்றேன்.

"கேட்டேம்மா. அடுப்பு முன்னால வச்சு. நீதான் சொன்ன." பையைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போய்விட்டாய். நான் தடுக்கவில்லை.

நீ பட்டது எனக்குப் புரியாமல் இல்லை. பதினேழு வயதில் இருபது பேர் முன்னால் நின்றிருக்கிறாய். நான் அனுப்பிய பொய்யோடு நின்றிருக்கிறாய். அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். எந்த நிபந்தனையும் இல்லாமல்.

ஆனால் இதையும் சொல்லவேண்டும். உன்னை நான் ஏமாற்றியபோது எனக்குத் தெரியாது, அது உனக்கு எங்கே போய் வலிக்கும் என்று. உனக்குத் தெரிந்திருந்தது. கேமராவைத் தூக்கிப் பிடித்தபோது தெரிந்திருந்தது. நான் தலைப்பால் துடைப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றாய். பத்து மாதமாக அதுதான் எனக்குள் திரும்பத் திரும்ப ஓடுகிறது. கூட்டம் இல்லை, சிரிப்பு இல்லை. நான் துடைத்து முடிக்கும்வரை நீ பொறுமையாகக் காத்திருந்தது.

அண்ணாச்சி அடுத்த மாதமே உங்கள் நிறுவனத்தின் பெட்டியை வைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து சொன்னார்: "தப்பா நெனைக்காதீய டீச்சர். நம்ம பையன்கிட்ட வாங்குனா ஒங்ககிட்ட வாங்குன மாதிரிதான?" என் பெட்டியை மரியாதையாகத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். என்னிடம் பெட்டி வாங்கியிருந்த மற்ற மேடைக்காரர்களும் ஒவ்வொருவராக. எல்லோரும் அதே வாக்கியம். உன்னை வளர்த்ததையே எனக்கு எதிரான உத்தரவாதமாகக் காட்டினார்கள்.

புதுப் பெட்டி நன்றாக ஓடுகிறது. இதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதம் இன்னொரு கட்டம் கட்டிய திரை ஆகிவிடும். பேருந்தில் எட்டயபுரம் போகும்போது பார்க்கிறேன். பெரிய பேட்டரி வைத்திருக்கிறார்கள். ஓட்டுநர்கள் ஆரன் அடிப்பதில்லை. அது பழுதாக வேண்டும் என்று ஆரம்பத்தில் தினமும் ஆசைப்பட்டேன். ஆசைப்பட்டேன் என்பதை உன் அப்பாவிடம்கூடச் சொன்னதில்லை.

குறிப்பு எழுதவில்லை என்றாயே, அது உண்மை. எழுத நேரமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். நான் இல்லாமல் அந்த மேடைகள் ஓடக்கூடாது என்று விரும்பினேன், அதுதான் உண்மை. உலகத்துக்கே திறந்து வைத்த ஒரு பொருளை எடுத்து, நான் ஒருத்தி மட்டும் திறக்கும் பூட்டாக மாற்றினேன். இந்தப் பத்து மாதத்தில் எழுதினேன். நாற்பது பக்கம், தமிழில். எந்தக் கம்பி எந்தத் துளையில், தேய்ந்த பிளாப்பியை எப்படிக் கண்டுபிடிப்பது, திரையில்லாத பெட்டியில் நெட்பிஎஸ்டி ஏற்றும் முறை, செத்த பெட்டியிலிருந்து கோப்பு எடுக்கும் முறை. முதல் பக்கத்தில் இயங்குதளங்களை எழுதியவர்களின் பெயர்கள். என் இருநூறு வரி நிரலுக்குக் கீழே மட்டும் என் பெயர். பயிலகத்தில் இப்போது ஒன்பது பெண்கள் வருகிறார்கள். ஆளுக்கொரு பிரதி. நேற்று அவர்களில் ஒருத்தி, திரையில் வந்த பெயர்களைப் பார்த்துவிட்டு, "இவிய எல்லாம் யாரு டீச்சர்?" என்று கேட்டாள். சொன்னேன். அவளுக்கு அது பெரிய விஷயமாகவே படவில்லை. "சரி" என்று அடுத்த வரிக்குப் போய்விட்டாள். இவ்வளவுதானா என்று இருந்தது எனக்கு.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்குத் தாய் ஏதாவது சொல்லவேண்டுமாம். இரண்டு சொல்கிறேன். ஒரு பெட்டியை மாற்றச் சொல்லும் முன், அது ஏன் இத்தனை நாள் ஓடியது என்று கேள். ஊரில் கரண்ட் எத்தனை முறை போகிறது, தூசி எந்தப் பக்கம் வருகிறது, யார் காலையில் வந்து திறக்கிறார்கள் என்று பார். இது தொழிலுக்கு. மற்றது வீட்டுக்கு. உன் மனைவி ஒருநாள் உன்னிடம், இதை நீயா செய்தாய் என்று கண் விரியக் கேட்பாள். அந்த நொடியில் கொஞ்சம் திரும்பி நின்று பதில் சொல். முதுகைக் காட்டிக்கொண்டு சொல்லாதே.

வருகிறேன். இப்போதுதான் தெரிகிறது. மன்னித்துவிட்டேன் என்று எடுத்துக்கொள்ளாதே. அதற்கு இன்னும் நாளாகும், ஆகாமலும் போகலாம்.

வரவேற்புக்கு உன் மேலதிகாரி வருவார் என்று அப்பா சொன்னார். அவருக்கு என் முகம் தெரியாது. அந்தப் படம் தெரியும். அவரிடம் என்னைக் கூட்டிக்கொண்டு போ. "எங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் நகர்ந்துவிடாதே. அந்தப் பெட்டி இவர் அமைத்தது, கரிசல் தூசியில் ஒன்பது வருடம் ஒரு லாரியைக்கூடக் காக்க வைக்கவில்லை என்று சொல். ஹாலில் சொன்ன அதே சத்தத்தில் சொல். அவர் மரியாதைக்காகவாவது என் பக்கம் திரும்பி, மொத்தத்தையும் நீங்களே எழுதினீர்களா என்று கேட்பார். எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள்.

இல்லை என்று நான் சொல்வேன். நீ பக்கத்தில் நிற்கும்போது, உனக்குக் கேட்கும்படி. அதற்குத்தான் வருகிறேன்.